ஓஸ் திருவிழாவுக்குச் சிறப்பு விருந்தினரை அழைக்கும் முறை

எல். ஃபிராங்க் பாம் 1856ஆம் ஆண்டு மே 15 அன்று நியூயார்க் மாநிலத்தின் சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1900இல் வெளியான அவருடைய, ஓஸ் என்னும் மாய நாட்டு மந்திரவாதிக் கதையைக் கொண்டாடும் திருவிழா ஜூன் மாதந்தோறும் அவ்வூரில் நடக்கிறது. கான்சஸ் மாநிலத்தின் வமீகோ போன்ற ஊர்களும் தத்தம் விழாக்களை நடத்திவருகின்றன. இவ்விழாக்களில் நெடுங்காலம் முதல் மரியாதை பெற்றவர்கள் அக்கதையைத் தழுவி 1939இல் வெளிவந்த திரைப்படத்தில் ஓஸ் நாட்டுச் சிற்றுருவ மக்களான மஞ்ச்கின்களாக நடித்த உயரம் குறைந்த கலைஞர்கள்தாம். அவர்களுள் கடைசியாக வாழ்ந்த ஜெரி மேரன் 2018 மே மாதத்தில் தமது 98ஆம் வயதில் மறைந்தார். படப்பிடிப்புத் தளத்தில் நின்றவர்களை மேடையில் அமர்த்திக் கேட்கும் வாய்ப்பு அநேகமாக முடிந்துவிட்ட நிலையில், புதிதாக விழா எடுக்கும் குழுவினர் ‘யார் புகழ்பெற்றவர்’ என்று தேடுவதைவிட ‘யாரிடம் நினைவு இருக்கிறது’ என்று தேடுவதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நினைவு பலரிடம் சிதறிக் கிடக்கிறது. பாமின் வழித்தோன்றல்கள் ஒரு சாரார். அவருடைய கொள்ளுப் பேரன் ரோஜர் எஸ். பாம் தாமே ஓஸ் கதைகள் எழுதியவர். திரைப்படக் கலைஞர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னொரு சாரார். தாத்தா அணிந்த உடையின் துணி எப்படி உறுத்தியது, வீட்டில் அப்படத்தைப் பற்றி என்ன பேசினார்கள் என்பன போன்ற செய்திகள் இவர்களிடம்தான் கிடைக்கும். முதற்பதிப்புகளையும் விளம்பரத் தாள்களையும் சேர்த்து வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள், கதையின் வரலாற்றை ஆராய்பவர்கள், பாம் எழுதிய 14 ஓஸ் நூல்களுக்கும் இன்று புதிதாகப் படம் வரையும் ஓவியர்கள் ஆகியோரையும் மறக்கக் கூடாது. 1957இல் தோன்றிய பன்னாட்டு ஓஸ் மன்றம் ‘தி பாம் பியூகிள்’ என்னும் இதழை நடத்திவருகிறது. அதன் பழைய இதழ்களைப் புரட்டினால் அழைக்கத் தக்கவர்களின் பட்டியல் ஏறத்தாழத் தானாகவே உருவாகிவிடும்.

அழைப்பை ஓராண்டுக்கு முன்பே கடிதமாக அனுப்புங்கள். விழாவின் நாள், மேடையில் எவ்வளவு நேரம் பேச வேண்டும், கையெழுத்திட எவ்வளவு நேரம் ஒதுக்கப்படும், ஊர்வலத்தில் கலந்துகொள்வது கட்டாயமா விருப்பமா, பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு, மதிப்பூதியம் எவ்வளவு, உடன்வரும் துணைக்கு என்ன ஏற்பாடு என்பவற்றை அக்கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மதிப்பூதியத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். அப்படத்தில் கதைநாயகி டோரதியின் டோட்டோவாக நடித்த நாய்க்கு வாரம் 125 டாலர் கொடுத்தார்கள் என்றும் தங்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்றும் மஞ்ச்கின் கலைஞர்கள் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நினைவுகூரும் விழாவில், அவர்களுடைய பிள்ளைகளை ‘ஊரார் அன்பு போதாதா’ என்று வெறுங்கையோடு அனுப்புவது எனக்கு ஏற்புடையதன்று. தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லப்பட்டு, சொன்ன நாளில் தரப்பட வேண்டும். அமெரிக்காவில் வசிக்கும் விருந்தினரிடம், வரி அடையாள எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவத்தை முன்னதாகவே பெற்றுக்கொண்டால் பின்னர் கணக்கில் சிக்கல் வராது.

விளம்பரத் தாளில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, உரிமை. பாமின் மூல நூலும் அதற்கு டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ வரைந்த ஓவியங்களும் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. திரைப்படமோ இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டது. டோரதியின் காலணி நூலில் வெள்ளி நிறம், படத்தில்தான் மாணிக்கச் சிவப்பு. விருந்தினரின் பெயருக்கு அருகில் டென்ஸ்லோவின் ஓவியத்தையும் வெள்ளிக் காலணியையும் போட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. படக்காட்சியைப் போட வேண்டுமென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு தேவை. இரண்டாவது, சொல். 1939இல் அக்கலைஞர் குழுவின் பெயரிலேயே இருந்த ‘மிட்ஜெட்’ என்னும் சொல்லை இன்று உயரம் குறைந்தவர்கள் இழிசொல்லாகவே கருதுகிறார்கள். வரலாற்றுப் பெயர் என்ற சாக்கில் அது உங்கள் தாளில் ஏறிவிடக் கூடாது; தங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று விருந்தினரையே கேட்டு எழுதுங்கள்.

மேடை உரையாடல்தான் விழாவின் உயிர் என்பதால் அதற்குத்தான் அதிக உழைப்பைக் கொடுக்க வேண்டும். உரையாடலை நடத்துபவர் நூலையும் படித்திருக்க வேண்டும், படத்தையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக் கேட்கப்படும் ஒரே கேள்வி போதும், நல்ல ஆய்வாளர் ஒருவர் அரை மணி நேரத்தைத் திருத்தம் சொல்வதிலேயே கழித்துவிடுவார். விழாவுக்கு இரு வாரம் முன்பு விருந்தினரிடம் தொலைபேசியில் பேசி, அவர் மகிழ்ந்து சொல்லும் நினைவுகள் எவை, தொடக் கூடாத செய்திகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. படத்தின் காட்டுக் காட்சி ஒன்றின் பின்னணியில் ஒரு மஞ்ச்கின் கலைஞர் தூக்கிட்டுக்கொண்டது தெரிகிறது என்னும் வதந்தி இன்றும் எங்காவது ஒரு சீட்டில் வந்து விழும். அங்கே அசைவது படப்பிடிப்புக்குக் கொண்டுவரப்பட்ட பெரிய பறவை ஒன்றுதான். அந்தக் கலைஞர்களின் மகளோ பேரனோ எதிரில் அமர்ந்திருக்கும்போது அக்கேள்வியை உரக்கப் படிப்பது கொடுமை. அத்தகைய சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு நேரத்தில் ஆய்வாளரைக் கொண்டு உண்மையை விளக்குங்கள்.

வேடமணிந்து வரும் விருந்தினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படத்தில் மேற்கு திசைச் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் நடிப்புக்கு வருமுன் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தம் வேடம் குழந்தைகளை அஞ்ச வைத்ததை எண்ணி வருந்தியவர். 1975இல் அவர் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அந்தக் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் ஒவ்வொன்றாக எடுத்து அணிந்து காட்டினார். நம் விழாக்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. சூனியக்காரியாக வருபவர் சாதாரண உடையில் குழந்தைகள் முன் அமர்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்க வேடம் பூணட்டும். பச்சைச் சாயத்தை முகத்தில் இடும்போது குழந்தை ஒன்று தூரிகையைப் பிடித்துக்கொள்ளட்டும். அச்சத்தில் அழத் தொடங்கும் பிள்ளைகள் அதன்பின் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

கையெழுத்து வரிசைக்குக் கணக்கு எளிது: ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் 120 பேர், இடையில் இளைப்பாற விட்டால் இன்னும் குறைவு. அந்த எண்ணிக்கைக்கு மட்டும் சீட்டுக் கொடுத்து, சீட்டு தீர்ந்ததும் அறிவித்துவிடுங்கள். வெயிலில் நின்றுவிட்டு ஏமாந்து திரும்புவோர் மனம் நோகும். முதிய விருந்தினருக்கு நிழல், கைப்பிடியுள்ள நாற்காலி, குடிநீர், பக்கத்திலேயே கழிப்பறை, வாங்கிய நூலைத் திறந்து முன்னே வைக்கும் உதவியாளர் ஒருவர் ஆகியவை அவசியம். மேடைக்குப் படிகள் மட்டும் இருந்தால், 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற விதிப்படி சாய்தளம் அமைக்க வேண்டும். இரண்டடி உயர மேடைக்கு 24 அடிச் சாய்தளம் என்பதால் அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். ஊர்வலத்தில் திறந்த காரில் அமர்த்துவதானால் குடையும் போர்வையும் காரிலேயே இருக்கட்டும்.

உரையாடலை முழுவதுமாக ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்யுங்கள். அதற்கான இசைவுக் கடிதத்தில் விருந்தினர் மேடை ஏறுமுன் கையெழுத்திட்டிருக்க வேண்டும். விழா முடிந்த ஒரு மாதத்துக்குள் பதிவின் ஒரு படியை அவருடைய குடும்பத்துக்கும், இன்னொரு படியைச் சிட்டனாங்கோவிலோ வமீகோவிலோ உள்ள ஓஸ் அருங்காட்சியகத்துக்கும், பேசியவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றை உறைமேல் எழுதி அனுப்பிவையுங்கள்.