சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர மிதிவண்டி: முதல் சில நாட்கள்

காலை முன்னே நீட்டிச் சாய்ந்தமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் முதலில் தடுமாறுகிறவர்கள், பெரும்பாலும் இரு சக்கர மிதிவண்டியில் கைதேர்ந்தவர்களே. ஏனெனில் விழாமலிருக்கக் கையும் உடம்பும் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைக்கு இங்கே இடமில்லை. முன்னால் இரண்டு சக்கரங்களும் பின்னால் ஒன்றும் கொண்டு, தலைப்பிரட்டையைப் போன்ற வடிவத்தால் ‘டாட்போல்’ எனப் பெயர்பெற்ற வகையையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இருக்கை மிகத் தாழ்வானது. ஆகவே முதலில், நின்ற வண்டி நகராமல் பிடித்துவைக்கும் நிறுத்தப் பிரேக்கைப் பூட்டுங்கள். பிறகு பெடல்கள் பொருத்திய முன்குழாயை இரு கால்களுக்கும் நடுவில் விட்டு, இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்ல அமருங்கள். பிரேக்கைப் பூட்ட மறந்தால் வண்டி பின்னே நகர்ந்துவிடும், நீங்கள் தரையில் அமர்வீர்கள். நான் அப்படி அமர்ந்திருக்கிறேன்.

அடுத்து முன்குழாயின் நீளம். பெடலை மிகத் தொலைவான நிலைக்குத் தள்ளிக் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். குழாய் குட்டையாக இருந்தால் முழங்கால் வலிக்கும். நீளத்தை அதிகம் மாற்றினால் சங்கிலியின் நீளத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாதத்தைப் பெடலோடு பிணைப்பது. ஓடும்போது பாதம் நழுவித் தரையைத் தொட்டால், வண்டி முன்னே போய்க்கொண்டேயிருப்பதால் கால் முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் அடியில் இழுபட்டு, எலும்பே முறியக்கூடும். இரு சக்கர வண்டியில் காலைப் பூட்டிக்கொள்ளப் பயப்படுகிறோம்; இங்கே பூட்டாமலிருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் ‘கிளீட்’ என்ற கொக்கி வைத்த காலணி இல்லையென்றால் குதிகாலைத் தாங்கும் பட்டையாவது இல்லாமல் ஒரு சுற்றுகூடப் போகாதீர்கள்.

வெறுமையான வாகன நிறுத்துமிடத்தில் தொடங்குங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கை தானாக இழுத்து, வண்டி பாம்புபோல் நெளியும். இரண்டு விரல்களால் பிடித்து ஓட்டிப் பார்த்தால் அது நேராகவே போவது தெரியும். பல வண்டிகளில் இடது பிரேக் இடது முன்சக்கரத்தையும் வலது பிரேக் வலது முன்சக்கரத்தையும் பிடிப்பதால், ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டையும் சமமாக அழுத்தப் பழகுங்கள்.

வளைவில் வண்டி சாயாது, நீங்கள்தான் சாய வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலுடம்பை உட்பக்கம் சாயுங்கள். உட்சக்கரம் தரையை விட்டு எழுந்தால், திருப்பத்தைத் தளர்த்துங்கள். இந்த அமர்வில் காற்றுத்தடை குறைவு: 1933 இல் பிரெஞ்சு மிதிவண்டி வீரர் பிரான்சிஸ் ஃபோர் சாய்விருக்கை இரு சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் கடந்தார், மறு ஆண்டே சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் அவ்வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. எனவே இறக்கத்தில் வேகம் சட்டென்று கூடும்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க வழியில்லை. சிறிய கியரில் வேகமாகச் சுழற்றுங்கள். நடை வேகத்துக்கு இறங்கினாலும் வண்டி விழாது. நின்றபின் கியர் மாறாது என்பதால், நிற்பதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

சாலைக்குப் போகும் நாளில் உயரமான கொடியும் இருபுறக் கண்ணாடிகளும் கட்டாயம். சாய்ந்தபடி திரும்பிப் பார்ப்பது கடினம். இறங்கும்போதும், பிரேக்கைப் பூட்டிய பிறகே பெடலிலிருந்து காலை எடுங்கள்.