பக்கத்து வீட்டுப் பெருநாளுக்குப் போவது எப்படி: மலேசியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவுக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகியும் பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டாத தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். ராயா என்று இங்கே சொல்லும் நோன்புப் பெருநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம், சீனப் பெருநாளுக்கு இன்னொரு படம், அதோடு சரி. அழைத்தும் போகமாட்டார்கள். வெறுப்பெல்லாம் கிடையாது, என்ன கொண்டுபோவது, எந்த நேரத்தில் போவது, சைவம் என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம்தான். இங்கே திறந்த இல்ல உபசரிப்பு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெருநாள் கொண்டாடுகிற வீடு கதவைத் திறந்து வைத்து, அண்டை அயலார், கூட வேலை செய்பவர்கள், எந்த மதத்தவர் வந்தாலும் சாப்பாடு போட்டு அனுப்பும். அழைத்தால் கட்டாயம் போங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். இஸ்லாமிய ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான், அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் அப்படி ஓடாது, இடையிடையே ஓர் அதிக மாதம் சேர்ந்து பருவத்தோடு நின்றுவிடும். இதனால்தான் சில ஆண்டுகளில் இரண்டு பெருநாள் ஒட்டிக்கொண்டு வரும். 2005இல் நவம்பர் 1 தீபாவளி, 3 நோன்புப் பெருநாள். 'தீபராயா' என்று நாடே சேர்ந்து கொண்டாடியது. 2026இல் சீனப் பெருநாள் பிப்ரவரி 17, அடுத்த ஓரிரு நாளில் நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. இப்படி வரும் ஆண்டில் முஸ்லிம் நண்பரைப் பகல் விருந்துக்குக் கூப்பிடாதீர்கள், சூரியன் மறைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ராயா அன்று காலையிலேயே போய் நிற்க வேண்டாம். பள்ளிவாசல் தொழுகை, பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்பது, இறந்தவர்களின் கல்லறைக்குப் போவது என்று அந்தக் காலை முழுக்கக் குடும்பத்துக்கானது. பல பேர் கம்போங் என்ற சொந்தக் கிராமத்துக்கே போயிருப்பார்கள். நோன்புக்கு அடுத்த ஷவ்வால் மாதம் முழுக்கவே விருந்து நடக்கும், ஆகவே இரண்டாம் வாரம் போனாலும் தாமதம் இல்லை. ஒன்று மட்டும், சிலர் அந்த மாதத்தில் இன்னும் ஆறு நோன்பு பிடிப்பார்கள், வாரநாளில் போவதென்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். எதிர்பாலினத்தவரிடம் நீங்களாக முதலில் கை நீட்டாமல், வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும். 'செலாமாட் ஹரி ராயா, மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்' என்று சொல்லுங்கள். வெளியே தெரிந்தும் மனதுக்குள்ளும் செய்த தவறுகளை மன்னியுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஒரு பண்டிகை வாழ்த்தே மன்னிப்பாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சைவக்காரர்களுக்கு லெமாங் நல்லது. மூங்கிலுக்குள் வாழையிலை விரித்து, புளுட் என்ற ஒட்டும் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி நெருப்பில் வாட்டுவார்கள். ஓலைக்கூட்டில் வேகவைத்த கெதுபாட்டும் வெறும் அரிசிதான். ஆனால் லோடே என்ற காய்கறிக் குழம்பில் கவனம், கண்ணுக்குக் காய் மட்டும் தெரியும், உலர்ந்த இறாலை இடித்துப் போட்டிருக்கலாம். ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி மாட்டிறைச்சியா கோழியா என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, சாதாரணமாகக் கேளுங்கள். வயிறு நிறைந்திருந்தாலும் முழுக்க மறுத்துவிடாதீர்கள். 'ஜாமா சிக்கிட்' என்பார்கள், ஒரு வாய் தொட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நீட்டிய சாப்பாட்டை மறுத்துப் போனால் வழியில் ஏதாவது கெடுதல் வரும் என்று பழைய ஆட்கள் நம்புவார்கள், ஆகவே ஒரு பிஸ்கட் துண்டையாவது வாயில் போட்டால் அந்த வீட்டு மக்சிக்கின் (மலாய் ஆன்ட்டி) மனம் நிம்மதியாகும். என்ன கொண்டுபோவது என்றால், பழமோ ஹலால் முத்திரை உள்ள பலகாரமோ போதும்.

சீனப் பெருநாளுக்கு முந்தின இரவு எந்த வீட்டுக்கும் போகாதீர்கள், அது குடும்பம் ஒன்றுகூடிச் சாப்பிடும் இரவு. மூன்றாம் நாளும் வேண்டாம், அன்று போனால் சண்டை சச்சரவு வரும் என்று பல வீடுகளில் நம்பிக்கை. மற்றபடி பதினைந்தாம் நாளான சாப் கோ மே வரை நேரம் இருக்கிறது. போகும்போது மாண்டரின் ஆரஞ்சு கொண்டுபோங்கள், ஜோடியாக, இரண்டு கையாலும் கொடுங்கள். கிளம்பும்போது அவர்களும் திருப்பி ஒரு ஜோடி தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளையும் உடுத்தாதீர்கள். கடிகாரம் பரிசாக வேண்டாம், அவர்கள் மொழியில் அந்தச் சொல் இறுதிச்சடங்கை நினைவூட்டும்.

அங்பாவ் என்ற பண உறை விஷயத்தில் நம் பழக்கம் நேர் எதிர். நாம் மொய்யில் 51, 101 என்று ஒற்றைப்படையில் வைப்போம். சீனர்களுக்கு இரட்டைப்படைதான் மங்கலம், அதிலும் 4 ஆகாது, சாவு என்ற சொல்லின் ஒலி அதில் இருக்கிறது. வெள்ளை உறையும் கூடாது, அது துக்க வீட்டுக்கு. மணமானவர்கள்தான் மணமாகாதவர்களுக்குக் கொடுப்பார்கள், ஆகவே தனியாள் என்றால் கவலையில்லாமல் வாங்கிக்கொள்ளலாம், அங்கேயே பிரித்துப் பார்க்காமல் இருந்தால் சரி. யீ சாங் தட்டு வந்தால் எல்லாரோடும் எழுந்து நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கலக்க வேண்டும். அதில் பச்சை மீன் இருக்கும், சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கலக்கும்போது கூட நில்லுங்கள்.

சரவாக்கில் இருப்பவர்கள் ஜூன் 1 வரும் கவாய் பெருநாளைத் தவறவிடாதீர்கள். அறுவடை முடிந்த மகிழ்ச்சி அது. ஈபான் மக்களின், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் நீளவீட்டில் ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கி உபசரிப்பை ஏற்பதற்கு 'ஙாபாங்' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். துவாக் என்ற அரிசி மது வரும். குடிக்காதவர் என்றால் கையைத் தட்டிவிடாமல் கோப்பையை வாங்கி, உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை கெடாது. சபாவில் இதே போல் மே 30, 31இல் காமாத்தான்.

சீக்கியர்களின் வைசாகி பெரும்பாலும் நம் சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரல் 14ஆம் தேதியில்தான் வரும். காலையில் கோயில், மதியம் குருத்வாரா என்று வைத்துக்கொள்ளலாம். தலையை மூட ஒரு துணி, காலில் செருப்பு இல்லாமல் தரையில் உட்காருதல், ரொட்டியை இரண்டு கையாலும் வாங்குதல், இவ்வளவுதான். சாப்பாடு சைவம். பௌத்தர்களின் விசாக தினத்துக்குக் கோலாலம்பூர்க்காரர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் 1894இல் தொடங்கிய மகா விகாரைக்குப் போய் விளக்கேற்றலாம். வெள்ளை உடை அங்கே பொருத்தம்.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நாங்கள் வைத்த முதல் தீபாவளி விருந்தில் எதிர்வீட்டு மக்சிக் வந்து, முறுக்கை மட்டும் கொறித்துவிட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டலைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார். சமையல் பிடிக்கவில்லையோ என்று நான் இரண்டு நாள் வருத்தத்தில் இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, இறைச்சி ஹலாலா என்று விருந்து வீட்டில் கேட்க அவருக்குக் கூச்சம். நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது, தட்டும் கரண்டியும் புதிது, வீட்டில் மது எதுவும் இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். சைவ மேசையைத் தனியாகப் போட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி வையுங்கள். மாட்டிறைச்சி நம் விருந்தில் பெரும்பாலும் இருக்காது, அது சீன நண்பர்கள் பலருக்கும் வசதி, குவான் யின் அம்மனை வணங்குபவர்கள் அதைத் தொடுவதில்லை.

பிரதமர் வீட்டு உபசரிப்பானாலும் தாமான் வீட்டு உபசரிப்பானாலும் கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுத்தனுப்புவது இங்கே சகஜம். முறுக்கை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுடுங்கள். எல்லா இனத்தவரும் முதலில் தேடுவது அதைத்தான். மூடி இறுக்கமான டப்பாக்களை முன்கூட்டியே வாங்கி வாசல் பக்கம் அடுக்கி வையுங்கள், எங்கள் மக்சிக் இப்போதெல்லாம் வரும்போதே தன் டப்பாவைக் கொண்டுவந்துவிடுகிறார்.