பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தைச் சங்கத்தின் பொறுப்பில் பெறுவது எப்படி? வடசென்னைக்கான செய்முறை விளக்கம்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ நடந்து பாருங்கள்: ஆண்டுக்கணக்கில் திறக்காத மாநகராட்சிக் கட்டடம் ஒரு பக்கம் இருக்கும், மாலை வகுப்புக்கும் கேரம் பயிற்சிக்கும் இடமில்லாத பிள்ளைகள் இன்னொரு பக்கம் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தை முறைப்படி கேட்டுப் பெற விரும்பும் புதிய சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மாலை வகுப்பு ஆறு ஆண்டுகள் அப்படியோர் அறையில்தான் நடந்தது. பொறுப்பில் இருந்த ஒருவர் "நடத்திக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னதை நம்பி, மின்விசிறியும் கரும்பலகையும் நாங்களே வாங்கி மாட்டினோம். அவர் மாறிப்போன சில வாரங்களில், ஒரு திங்கட்கிழமை கதவில் வேறு பூட்டு தொங்கியது. எடுத்துக் காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. ஆகவே, கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் உங்கள் கையில் ஒரு காகிதம் மிஞ்ச வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நிலம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பெரும்பாலான மனுக்கள் தவறுவதும் இங்கேதான். சுவரில் மாநகராட்சியின் பெயர் இருப்பதால் மட்டும் நிலமும் அதனுடையது என்று ஆகிவிடாது. வடசென்னையில் ஒரே தெருவுக்குள் துறைமுகம், ரயில்வே, கோயில், வக்ஃப், அரசுப் புறம்போக்கு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம்) என்று பல உடைமையாளர்கள் இருக்கக்கூடும். வாரியக் குடியிருப்புக்குள் இருக்கும் கூடத்தைக் கேட்டு மாநகராட்சியில் மனுக் கொடுத்தால், மாதங்கள் கழிந்த பிறகு "எங்களுடையது அல்ல" என்ற பதில்தான் வரும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவை 2011-ல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன என்பதால், அங்கே பழைய நகராட்சியின் பெயரிலும் பதிவுகளைத் தேட வேண்டும்.

வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றையும் கண்டுபிடித்து, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அதோடு, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள்: இந்தக் கட்டடம் சொத்துப் பதிவேட்டில் எப்படிப் பதிவாகியுள்ளது, இப்போதைய பயன்பாடு என்ன, இதைப் பற்றி ஏற்கெனவே மாமன்றத் தீர்மானமோ (மாநகராட்சி உறுப்பினர்கள் கூடி எடுக்கும் முடிவு) நீதிமன்ற வழக்கோ உண்டா என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

மனைப்பிரிவு அனுமதியின்போது, திறந்தவெளியாகவே விட வேண்டும் என்று ஒதுக்கி, மனை உரிமையாளர் தானப் பத்திரம் மூலம் கொடுத்த நிலமாக இருந்தால், அங்கே கட்டடம் எழுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பூங்காவையோ விளையாட்டிடத்தையோ பராமரிக்கும் பொறுப்பை மட்டும் கேட்கலாம்.

2. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவுச் சான்று, துணை விதிகள், வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஆண்டு அறிக்கையைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கத்துக்கு, எவ்வளவு நல்ல பணி செய்திருந்தாலும், கட்டடம் தர எந்த அலுவலரும் தயங்குவார்.

3. என்ன உரிமை கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உரிமம் என்பது இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே. சொத்தில் எந்தப் பங்கையும் அது தராது. குத்தகை குறிப்பிட்ட காலத்துக்குச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைத் தருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முதன்முறை கேட்கும் சங்கம் குறுகிய கால உரிமத்தில் தொடங்கி, நடத்திக் காட்டிய பிறகு குத்தகைக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. சொத்தை முழுவதுமாகச் சங்கத்தின் பெயருக்கே எழுதித் தரும்படி கேட்பது வீண்முயற்சி.

இங்கிலாந்தில் இதற்கெனத் தனி வழியே உண்டு. அங்கே 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நிலத்தைக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே கொடுக்கச் சொன்னாலும், வட்டார மக்களின் நலனுக்கென்றால் 20 லட்சம் பவுண்டு வரை குறைத்துக் கொடுக்க 2003-ல் பொது ஒப்புதல் வழங்கப்பட்டது. நமக்கு அத்தகைய வழி இல்லை. போதாக்குறைக்கு, பொது அறிவிப்பின்றி ஒரே நிறுவனத்துக்கு அரசு நிலத்தை ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் போபால் நில வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே, அறிவிப்பு வெளியிட்டுப் பிற சங்கங்களிடமும் விண்ணப்பம் பெறுமாறு உங்கள் மனுவிலேயே கேளுங்கள். போட்டி வருமே என்று அஞ்ச வேண்டாம். அறிவிப்பில்லாமல் கிடைத்த ஒதுக்கீட்டை யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு ரத்து செய்துவிடலாம்.

4. கட்டடத்தை மழைக்காலத்தில் பாருங்கள்

வடசென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில், சாலையை மேலே மேலே போட்டதால் தரை தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறது. நாங்கள் பார்த்த ஒரு கட்டடத்தில் வாசலிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. உள்சுவரில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய நீர் விட்ட பழுப்புக் கோடு இடுப்பளவில் அப்படியே இருந்தது. கைப்பிடிச் சுவரில் அரசமரக் கன்று வேர்விட்டிருந்தது. கடலோரமென்றால் கூரையின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இல்லாமல் மேலே போகாதீர்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, நிலுவை எவ்வளவு, கழிவுநீர் இணைப்பு உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீரமைப்புச் செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்களால் திரட்ட முடியுமானால், நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மீதியை அரசிடம் கேட்கலாம்.

5. மனுவைக் கொடுத்துப் பின்தொடருங்கள்

மனு இரண்டு பக்கத்தில் முடியட்டும். எந்த நாளில், எந்த நேரத்தில், யாருக்காக இடம் திறந்திருக்கும், மின் கட்டணத்துக்கும் துப்புரவுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மண்டல அலுவலரிடமும், ரிப்பன் மாளிகையில் உள்ள நிலம் மற்றும் உடைமைத் துறையிடமும் கொடுத்து, இரண்டிலும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். வார்டு உறுப்பினரிடம் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் கோரிக்கையை வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கோப்பு மாமன்றத்துக்குச் சென்று தீர்மானமாக வேண்டும். நீண்ட காலக் குத்தகையென்றால் அரசின் ஒப்புதலும் தேவைப்படலாம். தீர்மான எண்ணும் தேதியும் கைக்கு வரும்வரை கட்டடத்துக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

6. ஒப்பந்தமும் சாவியும்

ஒப்பந்தத்தில் காலம், கட்டணம், பெரிய பழுதுக்கு யார் பொறுப்பு, எத்தனை நாள் முன்னறிவிப்புடன் திரும்பப் பெறலாம், நீங்கள் வாங்கி வைத்த பொருட்கள் யாருக்கு என்ற ஐந்தும் கட்டாயம் இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளில் வார்டு உதவிப் பொறியாளருடன் அறை அறையாக நடந்து, விரிசல், கதவு, குழாய், மின் அளவி எண் அனைத்தையும் படம் பிடித்து, பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே புதுப்பிப்பு மனுவை எழுத்தில் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள்.