டாங் அரண்மனையில் துப்பறியும் நாயகி: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன வரலாற்றுத் தொடர்களைப் பார்த்த சூட்டோடு, அரண்மனைக் கொலையும் அதைத் துப்புத் துலக்கும் ஒரு பெண்ணுமாகக் கதை எழுத உட்காருபவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புதியவர்களின் பிரதிகளைப் படிக்கப் படிக்க, முன்பு எழுதியவர்கள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுவது தெரிகிறது. பெயர் உச்சரிப்பு, உடை நிறம், கொண்டை அலங்காரம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் ஒரு மாலை உட்கார்ந்தால் சரியாகிவிடும். கதையையே கவிழ்ப்பவை வேறு.

பெரும்பாலான கதைகள் டாங் வம்சத்தில் (618–907) நடப்பதால் அந்தக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு வசதியும் அதுதான்: 653இல் உரையோடு வெளியான 502 பிரிவுகள் கொண்ட சட்டத் தொகுப்பு முழுமையாகக் கிடைக்கிறது.

ஆண்டைத் தீர்மானிக்காமல் தொடங்குவது

“டாங் காலத்தில் ஒருநாள்” என்று தொடங்கினால் போதாது. 630களில் பேரரசர் தைச்சோங்கின் அரசவையில் செல்லுபடியாகும் விதி, 690களில் பேரரசி வூ சேதியெனின் ஆட்சியில் செல்லாமல் போகும். 686இல் அவர் செம்புப் பெட்டி ஒன்றை வைத்து, நாடு முழுவதிலிருந்தும் புகார்களை வரவழைத்தார். உளவும் சித்திரவதையும் அதன் பிறகு அரசாங்கத்தின் அன்றாட வேலையாகிவிட்டன. 691இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் பிரசித்தம். விசாரணை அதிகாரி லாய் ஜுன்சென், தன் சகா சோவ் சிங்கிடம், “ஒப்புக்கொள்ளாத கைதியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?” என்று கேட்டார். பெரிய சாடிக்குள் உட்காரவைத்துச் சுற்றிலும் தீ மூட்டினால் எதையும் ஒப்புக்கொள்வான் என்றார் சோவ். உடனே சாடியைக் கொண்டுவரச் சொல்லி, தீயும் மூட்டச் செய்து, “உங்கள் மீது புகார் வந்திருக்கிறது, உள்ளே இறங்குங்கள்” என்றார் லாய். கதை இந்த ஆண்டுகளில் நடந்தால், கீழே வரும் விதிகளெல்லாம் ஏட்டளவில்தான் இருந்தன என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

நாயகிக்கு எல்லையில்லா அதிகாரம்

டாங் அந்தப்புரத்தில் ஒழுங்கு விசாரணைக்கென்றே பெண் அதிகாரிகள் இருந்தார்கள். தலைவி கோங்செங், ஒருவர், ஐந்தாம் நிலை. அவருக்குக் கீழே ஆறாம் நிலையில் இருவர், ஏழாம் நிலையில் இருவர். சிறு குற்றம் என்றால் அவர்களே தண்டிக்கலாம். பெரிது என்றால் பேரரசருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அமைச்சரை அழைத்து விசாரிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. அது தலைமை நீதிமன்றமும் நீதி அமைச்சகமும் கண்காணிப்பு அலுவலகமும் சேர்ந்து கவனிக்கும் வேலை. தொடர்களில் நாயகிக்கு வெளியே ஓர் ஆண் அதிகாரி எப்போதும் துணைக்கு வருவது காதலுக்காக மட்டுமில்லை. அவர் இல்லையென்றால் வழக்கு அரண்மனை வாசலோடு நின்றுவிடும்.

நாயகியின் பூர்விகத்துக்குக் கற்பனையைக் கசக்க வேண்டியதில்லை. 664இல் தாத்தா மரண தண்டனைக்கு ஆளானதும், கைக்குழந்தையாகத் தாயோடு அந்தப்புர அடிமைக் கூடத்துக்குப் போன ஷாங்குவான் வானர், பின்னாளில் பேரரசிக்கே ஆணைகள் எழுதித் தரும் நிலைக்கு உயர்ந்தார்.

கடைசிக் காட்சியில் தலையை வெட்டுவது

எரிச்சல் தீராத தவறு இதுதான். நாயகி சபை நடுவே வந்து சான்றுகளை அடுக்குகிறாள். வில்லன் முகம் வெளிறுகிறது. பேரரசர் கையை அசைக்கிறார். காவலர்கள் இழுத்துப்போய் வெட்டுகிறார்கள். முற்றும். இதில் பிழை ஒரு காட்சியோடு நிற்பதில்லை. இதைத் திருத்தப் போனால் முந்தைய இருபது அத்தியாயங்களின் கால ஓட்டமே சரிந்துவிடும். அதனால்தான் எழுதத் தொடங்குமுன்பே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதலில் விசாரணை. அடிப்பதற்கு முன் கைதியின் பேச்சு, முகநிறம், மூச்சு, காதில் வாங்கும் விதம், கண் ஆகிய ஐந்தையும் கவனித்து, வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால், அதிகாரிகள் சேர்ந்து எழுத்தில் பதிவு செய்த பிறகுதான் தடியை எடுக்கலாம். இந்த முறையை மீறிய அதிகாரிக்கே 60 தடியடி. ஒரு கைதியை 3 முறைக்கு மேல் அடித்து விசாரிக்கக் கூடாது. மொத்தம் 200 அடியைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே 20 நாள் விட வேண்டும். ஆக, முதல் அடிக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே குறைந்தது 40 நாள். நாயகி உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இது. “மூன்று நாள் கெடு” என்று செயற்கையாக ஒன்றை நட்டுவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

200 அடியும் வாங்கிவிட்டு ஒப்புக்கொள்ளவில்லையா? ஜாமீனில் விட வேண்டும். பிறகு தடி புகார் கொடுத்தவர் பக்கம் திரும்பும். கொலையானவரின் குடும்பத்தார் புகார் கொடுத்திருந்தால் இந்தத் திருப்பி அடித்தல் கிடையாது. பொய்ப் புகார் என்று நிரூபணமானால், எந்தக் குற்றத்தைச் சுமத்தினாரோ அதற்குரிய தண்டனை புகார்காரருக்கே வரும். எனவே புகாரில் யார் கையெழுத்திடுகிறார் என்பது பெரிய முடிவு. புதியவர்கள் அதை யாரோ ஒரு பணிப்பெண்ணிடம் தள்ளிவிடுகிறார்கள். அமைச்சர் வீட்டு அடிமைப் பெண் தன் எஜமானர் மீது புகார் சொன்னால், அது ராஜதுரோகம் பற்றியதாக இல்லாத வரை, அவளுக்குத்தான் கழுத்தை நெரிக்கும் தண்டனை. அவளை வாய் திறக்கவைக்கும் முன் யோசியுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலம் இல்லாமல் தண்டிக்கவே முடியாதா என்றால், முடியும். பொருளும் தடயமும் ஐயத்துக்கு இடமில்லாமல் வெளிப்பட்டுவிட்டால் சான்றை வைத்தே தீர்ப்பளிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 70 வயதைத் தொட்டவர்கள், 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், உயர்குடிச் சலுகை பெற்றவர்கள் ஆகியோரை அடிக்கவே கூடாது; அவர்களைத் தண்டிக்க 3 சாட்சிகளாவது வேண்டும். அரண்மனைக் கதையில் வில்லன்கள் பெரும்பாலும் இந்த வகைதான் என்பதால், உங்கள் நாயகி தேட வேண்டியது ஒரு சாட்சியை அல்ல, மூவரை. கர்ப்பிணியை அடித்து விசாரிக்கவோ கொல்லவோ கூடாது. பிரசவத்துக்குப் பின் 100 நாள் பொறுக்க வேண்டும்.

இனி தண்டனை. 631இல் மனநலம் குன்றிய ஒருவன் அரச நிந்தையாக ஏதோ பிதற்றினான். நோயாளியைச் சட்டப்படி தண்டிக்க முடியாது என்று நீதிமன்ற அதிகாரி சாங் யுன்கு அறிக்கை கொடுத்தார். அந்தக் கைதியின் அண்ணன், சாங்கின் சொந்த ஊர்ப் பகுதிக்கு ஆளுநர். அதனால் பாரபட்சம் காட்டுகிறார் என்று இன்னோர் அதிகாரி போட்டுக்கொடுத்தார். தைச்சோங் கோபத்தில் சாங்கைச் சந்தையில் வெட்டவைத்தார். பிறகு மனம் வருந்தி ஒரு விதி செய்தார்: தலைநகரில் மரண தண்டனை என்றால், நிறைவேற்றுமுன் பேரரசரிடம் 5 முறை அனுமதி கேட்க வேண்டும். முந்தின நாள் 2, அன்றைக்கு 3. மாகாணங்களில் 3 முறை. ராஜதுரோகம் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு முறை போதும். பதில் வருமுன் வெட்டிய அதிகாரிக்கு 2,000 லீ நாடுகடத்தல், அதாவது ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்.

தண்டனை நாளில் பேரரசருக்கு மதுவும் மாமிசமும் பரிமாறக் கூடாது, இசையும் கூடாது என்றும் அவர் ஆணையிட்டார். சமையலறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மதிய உணவுப் பட்டியலைப் பார்த்தே இன்று யாரோ சாகப்போகிறார் என்று புரிந்துகொள்ள முடியும். இத்தனை அருமையான கருவி கையில் இருக்கும்போது, ஏன் இன்னும் குதிரையில் பாய்ந்து வந்து “நிறுத்துங்கள்!” என்று கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. இன்னொன்று: வசந்தம் தொடங்கியதிலிருந்து இலையுதிர்காலச் சமஇரவு நாள் வரை சாதாரண மரண தண்டனைகள் நிறைவேறுவதில்லை. உங்கள் இறுதிக் காட்சியில் பீச் மரம் பூத்திருந்தால், வெட்டுவதற்கு ஆள் இருக்க மாட்டான்.

மொட்டைக் கடிதம்

கதவிடுக்கில் பெயரில்லாக் கடிதம், நாயகி பிரித்துப் படித்து நேரே மேலதிகாரியிடம் ஓடுகிறாள். டாங் சட்டப்படி அதை எழுதியவனுக்கு 2,000 லீ நாடுகடத்தல். கண்டெடுத்தவர் உடனே எரித்துவிட வேண்டும். அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கே ஓராண்டுக் கடும் உழைப்பு. வாங்கி விசாரித்த அதிகாரிக்கு இரண்டு படி கூடுதல். துரோகம் பற்றிய கடிதம் மட்டும் விதிவிலக்கு. படித்துவிட்டு எரிக்கிறாளா, மறைக்கிறாளா என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

வெள்ளி ஊசி

உணவில் குத்துவார்கள், கறுக்கும், விஷம். பழைய வெள்ளைப் பாஷாணத்தில் (ஆர்செனிக்) கலந்திருந்த கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்கச் செய்தது. சுத்தமான பாஷாணத்தில் ஊசி பளபளவென்றே இருக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் குத்தினாலும் கறுக்கும். அழுகும் பிணத்திலும் அப்படியே. டாங் சட்ட உரை விஷத்துக்கு உதாரணமாகத் தரும் பட்டியலில் தாவரங்களே அதிகம். அவற்றில் ஒன்று வூதோவ், நம் சித்த மருத்துவர்கள் நாவி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த கிழங்கு. அதை வெள்ளி கண்டுகொள்ளாது. உதடும் நாக்கும் மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி, பிறகு இதயம் தாறுமாறாகும். நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் வீரியம் குறைந்து மருந்தாகிறது என்பதால், கொலைகாரன் எதையும் கலக்க வேண்டியதில்லை. அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் போதும். பேரரசருக்கான மருந்தைத் தவறுதலாக மாற்றிக் கலந்தாலே வைத்தியருக்கு மரணம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அவர் ஏன் பொய் சொல்கிறார் என்பதற்குக் காரணமும் கிடைத்துவிடும்.

பிணப் பரிசோதனைக்கு சோங் சியின் கையேட்டை மேற்கோள் காட்டாதீர்கள். அது 1247இல் எழுதப்பட்டது. டாங் நாயகிக்குத் தெரிந்திருக்கக்கூடியது, மூன்று நாடுகளின் காலத்து (3ஆம் நூற்றாண்டு) அதிகாரி சாங் ஜூவின் பன்றிச் சோதனை: உயிரோடு எரிந்த பன்றியின் வாயில் சாம்பல் இருந்தது, கொன்றபின் எரித்ததில் இல்லை. கணவனைக் கொன்று எரித்துவிட்டுத் தீ விபத்து என்று சாதித்த மனைவி அதோடு சிக்கினாள்.

சுவரேறிக் குதிப்பது

அரண்மனைச் சுவர் என்றால் 3,000 லீ நாடுகடத்தல். உள் மண்டபச் சுவர் என்றால் மரணம். ஊரடங்கு முரசுக்குப் பின் தெருவில் நடந்தால் 20 பிரம்படி. எகிறிக் குதிப்பதை எண்ணி எழுதுங்கள்.

தேநீர்க் கெண்டி

டாங் காலத்தில் தேயிலையைப் பொடித்து, உப்பிட்டு, பாத்திரத்தில் காய்ச்சினார்கள். கெண்டியில் இலை போட்டு ஊறவைப்பது மிங் காலத்தில் (1368–1644) பரவிய வழக்கம்.

மிளகாய்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் சீனாவில் இல்லை. எடுத்துவிடுங்கள்.