ஸ்வால்பார்டில் நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சிறு கப்பலில் போகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். நடப்பதுதான் நோக்கம் என்றால் ஜூன் தொடக்கம் வேண்டாம். அப்போது கரையில் பல இடங்களில் பனி மூடியிருக்கும். தீவுகளுக்கு இடையிலுள்ள ஹின்லோப்பன் நீரிணையைக் கடற்பனி அடைத்திருக்கவும் கூடும். ஜூலை நடுவிலிருந்து தரை வெளிப்பட்டு, நீண்ட நடைக்கு வழி பிறக்கும். நள்ளிரவுச் சூரியன் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இருக்கும்.

அடுத்தது காலணி. இறங்குமிடங்களில் படகுத்துறை கிடையாது. ரப்பர் படகிலிருந்து தண்ணீரில் கால் வைத்துத்தான் கரையேற வேண்டும். அதற்கான உயரமான ரப்பர் பூட்ஸைப் பல கப்பல்களில் அவர்களே தருகிறார்கள். குளிருக்குப் பயந்து அதற்குள் இரண்டு மூன்று காலுறைகளைத் திணிக்காதீர்கள். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். உள்ளே விரல்களை அசைக்க முடிகிறதா என்று கப்பலிலேயே நடந்து பாருங்கள். பருத்தி உள்ளாடையும் ஆகாது. ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துவிட்டு, நின்றதும் உடம்பை நடுங்க வைக்கும். படகில் ஏறி இறங்கும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும். மாலுமியும் நீங்களும் ஒருவர் முன்கையை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். விரல்களை மட்டும் பிடித்தால் வழுக்கிவிடும்.

கரையில் நடை வேகத்தைப் பொறுத்துக் குழு பிரிப்பார்கள். வேகமான குழுவில் போனால்தான் எல்லாம் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மெதுவான குழுவையே சொல்வேன். அங்கே துருவ வில்லோ என்றொரு மரம், சில சென்டிமீட்டர் உயரத்தில் தரையோடு ஒட்டிப் படர்கிறது. அதன் இலை நம் விரல் நகமளவுதான். உச்சியைக் குறிவைத்து விரைபவர் ஒரு காட்டையே மிதித்துக் கடந்துவிடுவார். ஈரப் பாசியில் பதிந்த தடம் பல்லாண்டு மறையாது; முடிந்தவரை கல்மேல் நடங்கள்.

பழைய திமிங்கல வேட்டைத் தளமான ஸ்மேரன்பர்கில் 17ஆம் நூற்றாண்டின் டச்சுக்காரர்கள் திமிங்கலக் கொழுப்பை உருக்கிய அடுப்புகளின் எச்சங்கள் மணலில் கிடக்கின்றன. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், ஒரு துருப்பிடித்த ஆணியே ஆனாலும், சட்டப் பாதுகாப்பு உண்டு. எடுக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது.

படம் எடுக்கவென்று குழுவை விட்டு விலகுவதை மட்டும் மன்னிக்கவே முடியாது. துருவக் கரடி எந்த மேட்டின் பின்னாலும் படுத்திருக்கலாம். துப்பாக்கியோடு வரும் வழிகாட்டியின் பார்வைக்குள்தான் உங்கள் பாதுகாப்பு. கரடி தென்பட்டு இறங்குவதை ரத்து செய்தால் அவரிடம் வாதாடாதீர்கள். 2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். ஆகவே தொலைநோக்கி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

விசாவிலும் கவனம் தேவை. நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஸ்வால்பார்ட், ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப, குறைந்தது இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும்.