மாருதி 800: ஆக்ஸிலேட்டர் கேபிளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

ஆக்ஸிலேட்டர் கேபிள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். பெடல் கனக்கும். காலை எடுத்தாலும் ரேஸ் உடனே இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்கும். பானெட்டைத் திறந்து கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பக்கம் கேபிளின் நுனியைப் பார்த்தால் ஒன்றிரண்டு இழைகள் அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். இதில் எது கண்ணில் பட்டாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். முழுக்க அறுந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். ஆனால் அறுந்த இழை உறைக்குள் சிக்கி, த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு, திறந்தபடியே நின்றுவிட்டால் ஆபத்து. அப்படி ஆனால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக் பிடித்து ஓரங்கட்டிய பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நான் இதைச் செய்தது என்னுடைய பழைய கார்பரேட்டர் 800-இல். எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிக்கும் முறை ஏறக்குறைய இதுதான், ஆனால் கேபிள் வேறு. கடையில் கேட்கும்போதே கார்பரேட்டர் வண்டி என்று சொல்லிவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது

2014 ஜனவரியில் 800 உற்பத்தி நின்றுவிட்டாலும் உதிரி பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் போதும். புதுப்பேட்டையில் பழைய கதவும் விளக்கும் வாங்கலாம், கேபிள் வாங்காதீர்கள். எத்தனை வருடம் இழுபட்டது என்று தெரியாத கேபிளை மறுபடி மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

முடிந்தால் பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். உறையின் நீளத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது. உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நீளமும், இரு முனைகளிலும் உள்ள குண்டின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

கருவிகள்

10, 12 அளவுகளில் ஸ்பானர்கள், மூக்குக் கொறடு, ஸ்க்ரூடிரைவர், தலையில் மாட்டும் டார்ச், ஒரு சுத்தமான துணி. அட்ஜஸ்டபிள் ஸ்பானர் வேண்டாம். கேபிளின் லாக் நட் மெல்லியது, மூலைகள் மழுங்கிவிட்டால் அப்புறம் கொறடால் மல்லுக்கட்ட வேண்டும். தலை டார்ச்சுக்குக் காசு செலவழிக்கத் தயங்காதீர்கள். பெடல் பக்கம் வேலை செய்ய இரண்டு கையும் வேண்டும்.

கழற்றுவது

இன்ஜின் ஆறியபின் தொடங்குங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப்பில் மாட்டியிருக்கிறது என்று நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றியதும் கார்பரேட்டரின் வாயைத் துணியால் மூடுங்கள். அதற்குள் ஒரு சின்ன வாஷர் விழுந்தாலும் பெரிய செலவு.

கார்பரேட்டர் பக்கம் உள்ள பிராக்கெட்டின் இருபுறமும் கேபிளைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்துங்கள். த்ராட்டில் லிவரைக் கையால் முழுக்கத் திருப்பினால் கம்பி தளரும். அந்தத் தளர்வில் குண்டை அதன் பள்ளத்திலிருந்து நகர்த்தி எடுத்துவிடலாம்.

அடுத்து பெடல் பக்கம். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோங்கள். பெடல் தண்டின் மேல்முனையில் ஒரு பிளவு இருக்கும், கம்பி அதில் மாட்டியிருக்கும். பெடலை மிதிப்பதுபோல் நகர்த்திப் பிடித்து, கம்பியைப் பிளவு வழியாக விடுவியுங்கள். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) உள்ள பிடிப்பைக் கழற்றியதும் மொத்தக் கேபிளையும் இன்ஜின் பக்கமாக இழுத்துவிடலாம்.

மாட்டுவது

போட்டோவைப் பார்த்து அதே வழியில் புதுக் கேபிளைப் போடுங்கள். எங்கும் கூர்மையாக மடங்கக் கூடாது, சூடான பாகங்களைத் தொடக் கூடாது. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசிதான் சேரும். முனைக் குண்டுகளில் மட்டும் துளி கிரீஸ் போதும்.

அட்ஜஸ்ட் செய்வது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேபிளை மாட்டுவது எளிது, எவ்வளவு இழுத்துக் கட்டுவது என்பதில்தான் குழப்பம் வரும்.

முதலில் சோக் குமிழ் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுப்பது) முழுக்க உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சோக்கை இழுத்தால் அதன் இணைப்பு த்ராட்டிலையும் கொஞ்சம் திறந்து வைக்கும். அந்த நிலையில் கேபிளைக் கட்டினால், சோக்கை உள்ளே தள்ளியதும் கேபிள் தேவைக்கு மேல் இறுகிப்போகும், த்ராட்டில் முழுக்க மூடாமல் ரேஸ் ஏறியே நிற்கும்.

இப்போது நட்டுகளைத் திருப்பி, வெளியே தெரியும் கம்பியை விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் அசையும்படி வையுங்கள். பெடலில் கால் இல்லாதபோது த்ராட்டில் லிவர் ஐடில் ஸ்க்ரூவின் (பெடலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) மீது முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் கட்டினால், இன்ஜின் தன் மவுண்டிங்கில் ஆடும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு ரேஸ் தானாக ஏறும். அதைச் சரிசெய்ய ஐடில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கோளாறு கேபிளில் இருக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்பினால் இரண்டுமே கெடும்.

அடுத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, இன்ஜின் அணைந்திருக்கும்போதே பெடலைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். லிவர் கடைசி வரை திரும்புகிறதா? காலை எடுத்ததும் டக்கென்று திரும்பி வருகிறதா? மெதுவாக வந்தால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் பிராக்கெட் நட்டுகளை இறுக்கி, துணியை எடுத்து, ஏர் ஃபில்டரை மாட்டி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் கம்பியின் தளர்வை இன்னொரு முறை பாருங்கள்.

பிறகு சேர்த்தவை

வழியில் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். சோக்கை இழுத்தால் ரேஸ் கொஞ்சம் ஏறும். அதை வைத்து முதல் கியரில் ஊர்ந்து ஓரங்கட்டலாம். அதற்கு மேல் அதை நம்பி ஓட்டாதீர்கள்.

இன்னொருவருக்குப் புதுக் கேபிள் போட்டும் த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை. அவர் வண்டியில் ரப்பர் மேட்டின் மேல் இன்னொரு கனமான மேட் கிடந்தது, பெடல் அதில் முட்டி நின்றிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்யும் முன் மேட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள். திரும்பப் போடும்போது ஒன்று மட்டும் போட்டு, பெடலுக்கு அடியில் நகராதபடி பின்னால் தள்ளி வையுங்கள்.