டெக்சஸ் கிராமக் கவுன்டியில் பேரில் வாரண்டா? கார்டை எடுப்பதற்கு முன்னால்

டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐ-45இல் போகிறவர்கள் வழியில் ஃப்ரீஸ்டோன், லியோன், மேடிசன் என்று சின்னச் சின்னக் கவுன்டிகளைத் தாண்டுகிறார்கள். அங்கே ஒரு ஸ்பீடிங் டிக்கெட். கோர்ட் தேதி மறந்து போகிறது, வீடு மாறுகிறது, லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனால் முடியாது என்கிறார்கள். விசாரித்தால் பேரில் வாரண்ட். புதிதாக வரும் மாணவர்களுக்கும் ஐடி வேலைக்காரர்களுக்கும் அச்சு மாறாமல் இதேதான் நடக்கிறது. டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், கிஃப்ட் கார்டு கேட்கும் போலி ஷெரிஃபுக்குப் பணம் அனுப்பாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

இணையத்தில் தேடினேன், இல்லையே

டெக்சஸில் 254 கவுன்டிகள். எல்லா வாரண்டையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் மாநிலப் பட்டியல் கிடையாது. அபராதத்தோடு முடியக்கூடிய கிளாஸ் சி வழக்குகளின் வாரண்ட் பல நேரம் அந்தக் கவுன்டியின் சொந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கும். கட்டணத் தளங்களில் 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தால் அந்தத் தளத்திடம் தகவல் இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

யாரிடம் கேட்பது என்பதை டிக்கெட் கொடுத்தவரை வைத்துப் பிடிக்கலாம். ஸ்டேட் ட்ரூப்பரோ ஷெரிஃபின் டெபுடியோ கொடுத்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட், சுருக்கமாக ஜேபி கோர்ட். ஊர்ப் போலீஸ் கொடுத்திருந்தால் அந்த ஊரின் முனிசிபல் கோர்ட். ஒரு கவுன்டிக்குள்ளேயே ஜேபி கோர்ட்கள் பல ப்ரீசிங்க்டாக, அதாவது பகுதிகளாகப் பிரிந்திருக்கும். டிக்கெட்டில் ப்ரீசிங்க்ட் எண் இருக்கும். எண் தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போன் போடுங்கள், வேறு வழியில்லை.

நம் பெயர்கள் தனி வம்பு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு லைசன்ஸில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று முதல் பெயர் விழுந்திருக்கும். டெபுடி அதைச் சேர்த்தோ விட்டோ எழுதியிருப்பார். அப்பா பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். கிளார்க்கிடம் லைசன்ஸ் எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பிறகு பெயரை இரண்டு வரிசையிலும் சொல்லுங்கள். பிறந்த தேதியில் மாதத்தை முதலில் சொல்லுங்கள்.

ஏஆர்-11 போட்டாகிவிட்டது, கடிதம் வீட்டுக்கு வரும்

வராது. அது குடிவரவுத் துறைக்கான முகவரி மாற்றப் படிவம். லைசன்ஸ் கொடுக்கும் டிபிஎஸ்ஸிடம் 30 நாளுக்குள் தனியாக முகவரி மாற்ற வேண்டும், வழக்கு இருந்தால் கோர்ட்டிடமும். முதல் தேதிக்கு வராதவர் மேல் வாரண்ட் போடுவதற்கு முன்னால் நீதிபதி போனிலோ சாதாரணத் தபாலிலோ இன்னொரு தேதி கொடுக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. அந்தத் தபால் பழைய அபார்ட்மென்டின் பெட்டியில் கிடக்கும்.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கிற, பார்க்கப் பார்க்க எரிச்சல் தரும் தவறு இதுதான். வாரண்ட் என்று தெரிந்ததும் பதறிப்போய், இரவோடு இரவாக கவுன்டியின் பேமென்ட் பக்கத்துக்குப் போய் கார்டு எண்ணைத் தட்டுவது. நண்பர்களும் "கட்டித் தொலைச்சிடுடா" என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் நஷ்டம்: டெக்சஸில் கிளாஸ் சி அபராதத்தை முழுசாகக் கட்டுவது 'நோ கான்டெஸ்ட்' (குற்றத்தை மறுக்கவில்லை) என்று ஒப்புக்கொண்டதற்குச் சமம். தண்டனை பதிவாகிவிடும். டிரைவிங் சேஃப்டி கோர்ஸ் முடித்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யும் வழியும், 180 நாள் வரை தீர்ப்பைத் தள்ளிவைத்து ஒழுங்காக இருந்தால் வழக்கையே விடும் டிஃபர்ட் டிஸ்பொசிஷன் வழியும் அத்தோடு போயின. கோர்ஸைத் தானாகக் கேட்கும் உரிமை முதல் தேதியோடு முடிந்தாலும், வழக்கு முடியும்வரை அனுமதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பணம் கட்டியவர் வழக்கைத் தானே முடித்துவிடுகிறார்.

இரண்டாவது: வழக்கு ஒன்றாக இருக்காது. ஸ்பீடிங் ஒன்று, கோர்ட்டுக்கு வராதது இன்னொன்று. இரண்டாவதற்கும் 500 டாலர் வரை அபராதம், மேலே கோர்ட் செலவு. ஒருவர் பேமென்ட் பக்கத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டுக் கட்டிவிட்டு ரசீதை பிரின்ட் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை டெயில் லைட்டுக்காக நிறுத்தியபோது டெபுடி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வேற கேஸ் நம்பர்" என்று சொல்லி விலங்கு மாட்டினார். வாரண்ட் இருந்தது வராமல் போன வழக்கில். ரசீது சரியான ரசீதுதான்.

மூன்றாவது: பணம் கோர்ட் கணக்கில் ஏறுவதும் வாரண்ட் இறங்குவதும் வெவ்வேறு மேஜைகள். கோர்ட் கிளார்க் வாரண்டைத் திரும்பப் பெறும் ரீகால் தாளை அனுப்ப வேண்டும், ஷெரிஃப் அலுவலகத்தில் டிஸ்பேட்சர் அதைப் பார்த்துப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். ஜேபி கோர்ட்டில் ஒரே கிளார்க் எல்லா வேலையும் பார்ப்பார், அவர் லீவு என்றால் தாள் காத்திருக்கும். லைசன்ஸ் தடை மூன்றாவது மேஜை: ஆம்னிபேஸ் என்ற அமைப்புக்குக் கோர்ட் தகவல் கொடுக்கும்வரை அது விலகாது, வழக்குக்கு 10 டாலர் கட்டணமும் உண்டு.

வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. 60 நாளுக்கு மேல் நிலுவையில் கிடக்கும் தொகைக்கு 30 சதவீதம் சேர்க்க கவுன்டிக்குச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு தள்ளுபடியானால் அந்த 30 சதவீதம் பொருந்தாது. கடிதத்தில் இதை எழுத மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. கிளார்க்குக்குப் போன் போட்டு, "என் பேரில் இருக்கும் எல்லா காஸ் நம்பரும் (வழக்கு எண்) வேண்டும்" என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தீர்ப்பு ஆகிவிட்டதா, இல்லையா என்றும் கேளுங்கள். நீதிபதி எந்த நாளில் இருப்பார், அரசுத் தரப்பு வக்கீலான கவுன்டி அட்டர்னி எந்த நாளில் வருவார் என்று குறித்துக்கொண்டு நேரில் போங்கள். வராததற்காகப் போட்ட வாரண்டை, போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் தானாக வந்து தீர்க்க முயல்பவருக்கு நீதிபதி திரும்பப் பெற்றாக வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. ஆகவே வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். வாரண்ட் இறங்கிய பிறகு 'நாட் கில்டி' போட்டு, அட்டர்னியிடம் கோர்ஸோ டிஃபர்டோ கேளுங்கள். வராத வழக்கை விட்டுவிட முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கேட்காதவருக்கு விட மாட்டார்கள்.

பான்ட் (பிணைத்தொகை) கட்டச் சொன்னால் கட்டலாம், ஆனால் கையெழுத்துப் போடும் தாளைப் படியுங்கள். 'நோ கான்டெஸ்ட்' என்ற வரி இருந்தால், அடுத்த தேதிக்கு வராவிட்டால் அந்தப் பணமே அபராதமாகி வழக்கு தண்டனையோடு முடியும். ரீகால் தாளின் நகலைக் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். மறுநாள் டிஸ்பேட்சுக்குப் போன் போட்டு இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

தீர்ப்பு ஆகி, பணம் கட்டாததற்காக வந்த கேப்பியஸ் ப்ரோ ஃபைன் என்றால் கதை வேறு. அங்கே வழக்காட இடம் குறைவு. ஆனால் கட்ட வசதி இருக்கிறதா என்று விசாரிக்க நீதிபதி முதலில் ஒரு தேதி கொடுத்திருக்க வேண்டும். வசதி இல்லையென்றால் தவணை, சமூக சேவை, தள்ளுபடி மூன்றையும் கேட்கலாம். சம்பளச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துப் போங்கள்.

கிளாஸ் பி-க்கும் இதே வழி

இல்லை. குடித்து ஓட்டியது போன்ற, சிறைத்தண்டனை வரக்கூடிய வழக்கில் வாரண்ட் என்றால் ஷெரிஃப் கவுன்டரில் போய் விசாரிக்காதீர்கள், அங்கேயே உள்ளே வைப்பார்கள். முதலில் வக்கீல். டெக்சஸில் தன் கட்சிக்காரருக்கு வக்கீலே பான்ட் போட முடியும். சிறையோடு பேசி நேரம் குறித்துக்கொண்டு, பதிவு, கைரேகை, போட்டோ முடித்து அன்றே வெளியே வரும் 'வாக்-த்ரூ' ஏற்பாடு இதற்காகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே பான்டில் இருந்து தேதியைத் தவறவிட்டவர் பான்ட் போட்ட ஏஜென்டிடமும் உடனே பேச வேண்டும். அவர் பணமும் மாட்டியிருக்கிறது.

இரண்டு வருடம் போனால் வாரண்ட் காலாவதி

ஆகாது. இரண்டு வருடக் கெடு வழக்கைப் பதிவு செய்வதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் போவது

வேண்டாம்.

விசா படிவத்தில் 'நோ'

டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தில் கேள்வி தண்டனை பற்றி மட்டுமல்ல, கைது பற்றியும்தான். வாரண்டில் பிடித்துச் சிறையில் பதிவு செய்திருந்தால், மூலம் வெறும் ஸ்பீடிங்காக இருந்தாலும் பதில் 'ஆம்'. வழக்கு முடிந்த அன்றே ஒவ்வொரு காஸ் நம்பருக்கும் கோர்ட் முத்திரையோடு, வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும் டிஸ்பொசிஷன் நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்றுகொண்டு லியோன் கவுன்டியின் சென்டர்வில் கிளார்க்குக்குப் போன் போட்டால், அங்கே நள்ளிரவாக இருக்கும்.